மூளைப் படமும் அம்மாவின் மறதியும்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் எமது பாடசாலை மண்டபத்தில் ஆற்றிய உரை. நேரம் போதாமல் அன்று விட்டுவிட்ட சில விவரங்களை மலருக்காகச் சேர்த்திருக்கிறேன்.)





எங்கள் சங்கத்துக்கும் கல்லடிப் பாலத்துக்கும் ஏறத்தாழ ஒரே வயது. பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் போட்டுவிட்டார்கள். சங்கத்துக்கு அப்படி ஒரு வசதி கிடையாது, இருப்பவர்கள்தான் தாங்கிக்கொண்டு போகவேண்டும். அந்த இருப்பவர்களுக்கும், அவர்களுடைய தாய்மாருக்கும் வயது போகிறது. அதனால்தான் இந்தத் தலைப்பைத் தெரிவு செய்தேன்.

முப்பது வருடத்துக்கு மேலாக மற்றவர்களுடைய உடம்பின் உட்புறப் படங்களைப் பார்ப்பதே என் தொழிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசி ஓயவில்லை. ரொறன்ரோவில் இருந்து, மெல்பேணில் இருந்து, ஹரோவில் இருந்து எங்கள் பிள்ளைகள்தான் எடுக்கிறார்கள். சுகம் விசாரித்து முடித்ததும் கேள்வி வரும்: "அக்கா, அம்மா ஒரே மறக்கிறா. ஸ்கான் ஒன்று எடுக்கட்டோ?" இன்றைய பேச்சு முழுவதும் அந்த 'எடுக்கட்டோ' என்ற கேள்விக்குத்தான்.

முதலில் ஒரு சொல். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்த காலத்தில் டிமென்சியா என்ற பெயரை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. "கிழவிக்கு அறளை பேந்திட்டு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் கொஞ்சம் சிரிப்பும் இருக்கும், கொஞ்சம் பொறுமையும் இருக்கும். வைத்தியரிடம் கொண்டுபோகவேண்டும் என்ற எண்ணம் மட்டும் இராது. வயதுக்கு வரும் நரை மாதிரி அறளையும் வரும் என்று நினைத்தோம். அந்த நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். கதைக்குரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். பெயர் சொல்லக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை.

எங்களில் பலருக்குக் கணிதம் படிப்பித்த ஒரு ரீச்சர். எழுபத்தெட்டு வயது. ஒரு நாள் கிணற்றுக்கட்டில் வழுக்கி விழுந்தார். தலையில் சிறு வீக்கம், எண்ணெய் தடவினார்கள், இரண்டு நாளில் வற்றிவிட்டது. ஐந்தாறு கிழமைக்குப் பிறகு பிளேன்ரீக்கு உப்புப் போட்டார். பகலெல்லாம் தூங்கினார். ஒரு பேச்சைத் தொடங்கினால் நடுவில் சொல் கிடைக்காமல் நின்றுவிடுவார். வீட்டார் அறளை என்றார்கள். காட்டிய இடத்திலும் "வயது போனால் இப்படித்தான்" என்று விற்றமின் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். கனடாவில் இருக்கும் மகள் அழுதுகொண்டு எனக்கு எடுத்தா. வீடியோவில் ரீச்சரை நடக்கச் சொன்னேன். வலது கால் இழுபட்டது. "விழுந்தவவா?" என்று கேட்டேன். இல்லை என்றார்கள். வளவு கூட்ட வரும் பெண்தான் பின்னால் நின்றுகொண்டு, "கிணத்தடியில விழுந்தா தானே" என்று நினைவுபடுத்தினா. ரீச்சர் நெஞ்சு வருத்தத்துக்காகத் தினமும் அஸ்பிரின் எடுப்பவர் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் சி.ரி. ஸ்கான். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் இடையில், இடது பக்கம், பிறை நிலா வடிவத்தில் பழைய இரத்தம் தேங்கி மூளையை அமத்திக்கொண்டிருந்தது. மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வடித்தார்கள். ஒரு கிழமை கழித்து ரீச்சர் தன் கைப்பையைத் திறந்து பார்த்து, இருநூறு ரூபா குறைகிறது, யார் எடுத்தது என்று விசாரித்திருக்கிறார். கணக்கு திரும்பி வந்துவிட்டது!

வயதானவர்களில் மூளை சற்றுச் சுருங்கியிருப்பதால் மண்டையோட்டுக்குள் இடம் அதிகம். அதனால் கசிந்த இரத்தம் உடனே வேலையைக் காட்டாது, கிழமைக் கணக்கில் மெல்ல மெல்லத்தான் காட்டும். அதற்குள் விழுந்த கதையை எல்லோரும் மறந்துவிடுவார்கள். இதே போல மூளைக்குள் இருக்கும் நீர் வடியாமல் பெருகுவதாலும் மறதி வரலாம். அதில் நடை தரையில் ஒட்டினாற்போல் தடுமாறும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும், மறதியும் சேர்ந்து வரும். இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் கவனிக்கவேண்டும். 1965இல் ஹக்கீமும் அடம்ஸும் இதை விவரித்தார்கள். நீரை வடியச் செய்யும் குழாய் ஒன்று வைத்தால் பலருக்கு நடையாவது சீராகும். கட்டியும் இருக்கலாம். படம் காட்டாத காரணங்களும் உண்டு: தைரொயிட் குறைவு, விற்றமின் பி 12 குறைவு, மனச்சோர்வு, இரவில் நித்திரைக்கென்று எடுக்கும் மாத்திரை. இவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும் ஒரு பொறுமையான வைத்தியரும் போதும்.

ஆகவே முதல் பதில்: ஆம், எடுங்கள். சாதாரண சி.ரி. ஸ்கான் போதும். மறதி நோய் என்று உறுதிப்படுத்துவதற்காக அல்ல, திருத்தக்கூடிய வேறொன்று ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. எங்கள் ஊரைப் பொறுத்தவரை மூளைப் படத்தின் மிகப் பெரிய பயன் இதுதான் என்பது என் அபிப்பிராயம். மறதி திடீரென்று வந்தாலும், சில கிழமைக்குள் முற்றினாலும், நடையோடு சேர்ந்து வந்தாலும் தாமதிக்கவே கூடாது.

இந்தக் கருவி வந்த கதை சுவையானது. எங்கள் அப்பாமாருடைய கிராமபோன் தட்டுகளில் நாய் ஒன்று குழாய்க்கு முன்னால் இருந்து பாட்டுக் கேட்குமே, அந்தத் தட்டுகளை வெளியிட்ட ஈ.எம்.ஐ. கம்பனியில்தான் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் என்ற பொறியியலாளர் சி.ரி. ஸ்கானைச் செய்தார். 1971 ஒக்ரோபர் முதலாந் திகதி இலண்டன் விம்பிள்டனில் ஒரு பெண் நோயாளிக்கு முதல் படம் எடுக்கப்பட்டது. 1979இல் அவருக்கும் அலன் கோர்மக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்னர் மூளையின் உள்ளறைகளைப் பார்க்கவேண்டுமானால் முதுகுத்தண்டு நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள். நாள் கணக்கில் தாங்கமுடியாத தலையிடி வரும். ஒரு வயோதிபரின் மறதிக்காக யாரும் அதைச் செய்யத் துணிந்திருக்கமாட்டார்கள்.

இனி இரண்டாவது படி. திருத்தக்கூடியது ஒன்றும் இல்லை, மறதி உண்மையான மறதி நோய்தான் என்றால் படம் என்ன சொல்லும்?

எம்.ஆர்.ஐ. ஸ்கானில் மூளையின் இரு பக்கமும், காதுக்குச் சற்று உள்ளே, ஒரு சிறு பகுதியைப் பார்ப்போம். வெட்டிப் பார்த்தால் கடற்குதிரை போல் வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் அதற்கு ஹிப்போகம்பஸ் என்று கடற்குதிரையின் பெயரையே வைத்தார்கள். இன்று நடந்ததை நாளைக்கு வைத்திருக்கும் வேலை அதனுடையது. ஆரோக்கியமான முதியவர்களில் அது ஆண்டுக்குச் சுமார் ஒன்றரை வீதம் சுருங்குகிறது. அல்சைமர் நோயில் நாலரை வீதத்துக்கு மேல். கண்ணால் பார்த்து 0 முதல் 4 வரை புள்ளி போடும் முறை ஒன்று 1992 முதல் இருக்கிறது. நானும் ஆயிரக்கணக்கான தடவை போட்டிருக்கிறேன். அத்துடன், நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் சிறு இரத்தக் குழாய்களில் செய்த சேதம் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். ஒருவருக்குத் தெரியாமலே வந்துபோன சிறு பாரிசவாதங்களின் தழும்பும் தெரியும்.

ஒரு தடவை அந்தப் புள்ளியை என் அம்மாவுக்குப் போடவேண்டி வந்தது.

அம்மாவும் இந்தப் பாடசாலையில்தான் படித்தவர். நான் இங்கிலாந்தில் இருந்து ஞாயிறு தோறும் கதைப்பேன். "நான் நல்லா இருக்கன் மகள். நீ சாப்பிட்டயா? அங்க குளிரா?" இந்த மூன்று வாக்கியங்களுக்குள் எங்கள் சம்பாஷணை முழுவதும் அடங்கிவிட்டதை இரண்டு வருடமாக நான் கவனிக்கவில்லை. மற்றவர்களுடைய மூளையைப் படித்துச் சம்பளம் வாங்கியவள் நான்! விடுமுறைக்கு வந்து குசினிக்குள் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது. சோறு வடித்த பிறகு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் அகப்பையுடன் நின்றார். படத்தில் கடற்குதிரைகள் இரண்டும் மெலிந்திருந்தன. இரண்டு பக்கமும் மூன்று.

என் தம்பி தொண்ணூறாம் ஆண்டு வீட்டில் இருந்து போனவன். திரும்பி வரவில்லை. இந்த மண்டபத்தில் பல வீடுகளில் அப்படி ஒரு கதை இருக்கும், விளக்கத் தேவையில்லை. அம்மா அந்தத் துக்கத்தை முப்பது வருடத்துக்கு மேல் சுமந்தார். நோய் வந்தபின் அதையும் மறந்தார். பொழுதுபடும் நேரத்தில் படலையைப் பார்த்துக்கொண்டு, "தம்பி இன்னும் வரல்லையா?" என்று கேட்பார். முதல் தடவை என் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டா. அம்மா அன்றுதான் முதன்முதல் கேள்விப்படுபவர் போல் அலறினார். மறுநாள் பொழுதுபட மறுபடி கேட்டார். அதன்பிறகு, "வரல்ல அம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று மட்டும் சொல்லப் பழகினோம். அது பொய்யும் அல்ல.

ஸ்கானில் அந்தப் பகுதி சுருங்கிய அளவை மில்லிமீற்றரில் சொல்லலாம். பொழுதுபட்டதும் வரும் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வதென்று அதில் தேடமுடியாது. மூன்று என்று புள்ளி பெற்ற இன்னொரு அம்மா இதே நகரத்தில் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசி மீன் வாங்கிக்கொண்டிருக்கவும் கூடும். படத்தையும் ஆளையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

ஆளைப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஞாபகசக்திப் பரிசோதனைகள் பெரும்பாலும் வெளிநாட்டில், படித்தவர்களுக்காகச் செய்யப்பட்டவை. ஒரு மூதாட்டியிடம் இன்று என்ன திகதி என்று கேட்டார்கள். "மாமாங்கத் தீர்த்தம் முடிஞ்சு ஒன்பதாம் நாள்" என்றா. தாளில் பூச்சியம் போட்டார்கள். நான் கலண்டரில் எண்ணிப் பார்த்தேன், மிகச் சரியாக இருந்தது. தென்னிந்தியாவில் வேலூர், சென்னை போன்ற இடங்களும் சேர்ந்து நடத்திய 10/66 என்ற ஆய்வுத் திட்டம் இந்தக் குறையைத் தீர்க்கப் பாடுபட்டது. படிக்காதவர்களுக்கும் பொருந்தும் கேள்விகளை வைத்து, வீட்டில் உள்ள ஒருவரையும் தனியாக விசாரிக்கும் முறையை அது கொண்டுவந்தது. எங்கள் நாட்டில் றாகமைப் பகுதியில் நடத்தி 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கு பேரளவில் மறதி நோய் இருப்பதாகக் கண்டது.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். வரப்போவதை முன்கூட்டியே படம் சொல்லுமா?

ஓரளவுக்குச் சொல்லும். அல்சைமர் நோயில் அமைலொயிட் என்ற புரதம் மூளையில் படிகிறது. ஒரு காலத்தில் அதை இறந்தபின் நுணுக்குக்காட்டியில் மட்டுமே பார்க்கமுடிந்தது. 1906இல் அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளி ஒகஸ்ட டீட்டரின் மூளையில் அப்படித்தான் பார்த்தார். அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் உருவாக்கிய ஒரு சாயப்பொருளை 2002இல் சுவீடனின் உப்சாலாவில் உயிருடன் இருந்த நோயாளி ஒருவருக்கு முதன்முதல் ஏற்றி, பெற் ஸ்கான் மூலம் அந்தப் படிவைக் கண்டார்கள். சிறுவயதில் பௌர்ணமி இரவில் தோணிக்காரர் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு, மறுநுனியைக் காதில் வைத்து மீன் பாடுவதைக் கேட்கச் சொல்வாரே, அது மாதிரித்தான். உள்ளே இறங்காமல் உள்ளே இருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கிறோம். பாடுவது எது என்பதில் மட்டும் சண்டை ஓயாது.

பரம்பரை மரபணுவால் இந்த நோய் வரும் குடும்பங்களில் நோய்க்குறி தெரிவதற்குச் சுமார் 15 ஆண்டுகளுக்கு முன்பே படிவு தெரிகிறது என்று 2012இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் மறுபக்கத்தையும் கேளுங்கள். ஞாபகசக்தி நன்றாக இருக்கும் மனிதர்களிடமும் இந்தப் படிவு உண்டு. 50 வயதில் சுமார் 10 வீதத்தினருக்கு, 90 வயதில் சுமார் 44 வீதத்தினருக்கு. இவர்களில் பலர் மறதி நோய் இல்லாமலே காலமாவார்கள். படம் ஆபத்து கூடுதல் என்று சொல்லும். எந்த வருடம், யாருக்கு என்று சொல்லாது.

இதில் எங்களுக்கு மிக நெருக்கமான ஆய்வு கன்னியாஸ்திரிகளுடையது. 1986இல் டேவிட் ஸ்னோடன் என்ற அமெரிக்க ஆய்வாளர் தொடங்கினார். 678 சகோதரிகள் சேர்ந்தார்கள், பெரும்பாலானோர் ஆசிரியைகள். தங்கள் மூளையை இறந்தபின் ஆய்வுக்குத் தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் சகோதரி மேரி எண்பத்துநான்கு வயது வரை படிப்பித்தவர். 101 வயதில் இறக்கும்வரை பரிசோதனைகளில் நல்ல புள்ளி எடுத்தார். மூளையைத் திறந்து பார்த்தால் எடை 870 கிராம், அல்சைமரின் அடையாளங்கள் நிறைய. நோய் மூளையில் இருந்தது, ஆளிடம் தெரியவில்லை. இன்னொன்றும் கண்டார்கள். படிவுடன் சிறு பாரிசவாதத் தழும்புகளும் சேர்ந்திருந்த சகோதரிகளுக்குத்தான் மறதி நோய் மிக அதிகமாக வெளிப்பட்டது. அமைலொயிட்டை நாங்கள் தடுக்கமுடியாமல் இருக்கலாம். குருதி அமுக்கத்தைத் தடுக்கலாம், அதற்குரிய மாத்திரை கிராமத்து ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும்.

அந்தச் சகோதரிகள் இருபது வயதளவில் எழுதிய சுயசரிதைகளையும் எடுத்துப் பார்த்தார்கள். செறிவாக எழுதியவர்களுக்கு முதுமையில் நோய் குறைவாக இருந்தது. படிப்பு காத்ததா, இல்லை நோயின் நிழல் இளவயதிலேயே எழுத்தில் விழுந்ததா என்பது இன்றும் விவாதம். 2024இல் லான்செட் ஆணைக்குழு, மறதி நோயில் சுமார் 45 வீதம் திருத்தக்கூடிய 14 காரணிகளுடன் தொடர்புபட்டது என்றது. சிறுவயதில் கல்வி குறைவது அவற்றுள் ஒன்று. செவிப்புலன் குறைவு, நீரிழிவு, தனிமை, தலையில் அடி எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நூறு வருடத்துக்கு முன் பெண்பிள்ளைகளைப் படிக்க அனுப்பிய தாய்மாரை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்கமுடியவில்லை.

வெளிநாட்டில் உள்ளவர்கள் புதிய மருந்துகளைப் பற்றிக் கேட்பீர்கள். லெகனெமாப் 2023இலும் டொனனெமாப் 2024இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. அவை படிவை அகற்றுகின்றன. லெகனெமாப் ஒன்றரை வருடத்தில் நோயின் சரிவை 27 வீதம் குறைத்தது. நிறுத்தவில்லை, குறைத்தது. சிலருக்கு மூளை வீக்கமும் இரத்தக்கசிவும் வருவதால் அடிக்கடி எம்.ஆர்.ஐ. எடுக்கவேண்டும். ஆரம்பக் கட்டத்தில் மட்டுமே கொடுக்கலாம். படிவைக் கண்டுபிடிக்க உதவும் இரத்தப் பரிசோதனை ஒன்றுக்கும் 2025 மே மாதம் அங்கே அனுமதி கிடைத்தது. மட்டக்களப்புக்கு முதலில் வந்து சேரப்போவது அதுதான் என்று எதிர்பார்க்கிறேன். பெற் ஸ்கான் எங்களுக்குத் தூரம். மகரகம வைத்தியசாலைக்குப் புற்றுநோயாளருக்கான பெற் ஸ்கான் ஒன்று வாங்க 2016இல் நாடு முழுக்கச் சில்லறை சேர்த்தது நினைவிருக்கும். மூளைக்குப் பயன்படும் சாயப்பொருளின் கதிர்வீச்சு 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். கொழும்பில் இருந்து ஏழு மணித்தியாலம் வண்டியில் வந்தால் பதினான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரீச்சர் படிப்பித்த கணக்குத்தான், நீங்களே செய்து பாருங்கள்.

அம்மாவுக்கு வந்ததால் எனக்கும் வருமா என்று நான் பார்த்தேனா? இலண்டனில் ஓர் ஆய்வுக்குக் கேட்டார்கள், எனக்கு முடிவைச் சொல்வதாகவும் சொன்னார்கள். மூன்று நாள் யோசித்துவிட்டு மாட்டேன் என்றேன். தெரிந்தால் செய்யப்போவதை இப்போதே செய்யலாம் என்பதுதான் காரணம். குருதி அமுக்க மாத்திரை தவறுவதில்லை. காது மந்தமானதை ஒப்புக்கொண்டு கருவி வாங்கிவிட்டேன், இன்றும் போட்டிருக்கிறேன். காணி உறுதி எங்கே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். நல்ல மருந்து வந்தால் மனதை மாற்றிக்கொள்வேன். உங்களில் சிலர் அறிந்துகொள்ள விரும்பலாம், அதிலும் பிழையில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவுக்குப் பார்ப்பதை மட்டும் செய்யாதீர்கள்.

எங்கள் ஊர் வழக்கில் வீடு பெண்ணுக்கு. தாயும் மகளோடுதான். ஆகவே இந்த நோய் வந்தால் அதைச் சுமப்பது பெரும்பாலும் எங்கள் பழைய மாணவிகள்தான். ஊரில் இருக்கும் மகள் இராப்பகலாகப் பார்க்கிறா. வெளிநாட்டில் இருக்கும் மகள் காசும் ஆலோசனையும் அனுப்புகிறா. "ஸ்கான் எடுத்தியா?" என்று தூரத்தில் இருந்து கேட்பதற்கு முன், பக்கத்தில் இருப்பவவுக்கு ஒரு கிழமை ஓய்வு கொடுக்கமுடியுமா என்று பாருங்கள். சங்கத்தின் மட்டக்களப்புக் கிளை மாதம் ஒரு நாள் இந்த வகுப்பறைகளில் ஒன்றைத் திறந்து, பராமரிப்பவர்கள் இரண்டு மணித்தியாலம் இருந்து கதைக்க வசதி செய்யலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். தேநீர்ச் செலவு என்னுடையது.

விடுமுறைக்கு வருபவர்கள் அம்மாவைச் சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிப்போவதை ஒரு நாள் தள்ளிவைத்து, குசினிக்குள் பக்கத்தில் நின்று அவர் கறி காய்ச்சுவதைப் பாருங்கள். வைத்தியரிடம் போகும்போது எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். மறதி எப்போது தொடங்கியது, விழுந்தாரா, நடை மாறியதா என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வளவு கூட்ட வருபவவிடமும் கேளுங்கள்.

எனக்குத் தந்தது இருபது நிமிடம். முன்வரிசையில் ரீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். மிச்சக் கேள்விகளைத் தேநீர் நேரத்தில் கேளுங்கள்.